யார் தலையில் பழகுவது?

வேலைக்கு விண்ணப்பிக்கும் இருபத்தோரு வயதுக்காரர்களின் ரெஸ்யூம்களைப் படித்து வடிகட்டும் வேலை சில வருடங்களாக என்னிடம் இருக்கிறது. பெயர், மதிப்பெண், தெரிந்த மென்பொருட்கள் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிப் பகுதிக்கு வந்தால் 'லீடர்ஷிப்' என்ற தலைப்பு தவறாமல் இருக்கும். அதன் கீழே துறை மன்றச் செயலாளர், சிம்போசியம் ஒருங்கிணைப்பாளர், என்.எஸ்.எஸ். முகாமில் குழுத் தலைவர், கோடிங் கிளப் பிரெசிடென்ட் என்று வரிசை நீளும். ஒரே வகுப்பிலிருந்து எட்டுப் பேர் விண்ணப்பித்தால் எட்டுப் பேரும் எதற்கோ தலைவராக இருந்திருக்கிறார்கள். அப்படியென்றால் யார்தான் பின்னால் நின்றது என்று கேட்கத் தோன்றும். 'மூன்று வருடம் ஒரு மன்றத்தில் நல்ல உறுப்பினராக இருந்தேன், செயலாளர் தப்பான முடிவெடுத்தபோது வேண்டாம் என்று சொன்னேன்' என்று எழுதிய ஒரு ரெஸ்யூமை இதுவரை நான் பார்த்ததில்லை.

கிண்டலுக்காகச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள், அவர்கள் எழுதுகிறார்கள். எனக்கு இருப்பது வேறு கேள்வி. 'தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்' என்று கல்லூரியில் சொல்லும்போது, நீச்சலையும் தட்டச்சையும் போல ஒருவர் தனக்காகக் கற்றுக்கொள்கிற திறன் என்றே அதை எடுத்துக்கொள்கிறோம். நீச்சல் பழகத் தண்ணீர் போதும். தலைமை பழக மனிதர்கள் வேண்டும். நான் தலைவனாகப் பழகுவதற்கு இன்னும் அறுபது பேர் என் பேச்சைக் கேட்டு நிற்க வேண்டும், நாற்காலி தூக்க வேண்டும், நான் போட்ட திட்டம் சொதப்பினால் சாயங்கால பஸ்ஸைத் தவறவிட வேண்டும். அவர்களை வைத்து நான் தேறுவது எந்த அளவுக்கு நியாயம்?

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அது 'ஆயிரம் வேரைக் கண்டவன்' என்று இருந்து மருவிப்போனது என்று சிலர் திருத்துவார்கள். எது மூலம் என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை. இரண்டும் அருகருகே புழங்குவதே எனக்குப் போதும். ஒரு தொழிலை மனிதர்கள் மேல் செய்து பார்த்துக் கற்கலாம்; வேர் தேடி அலைந்தும் கற்கலாம். கல்லூரி மன்றங்களில் இந்த இரண்டில் எது நடக்கிறது?

*

முதலில், பதவி எப்படி வருகிறது என்று பார்க்கலாம். நம்மூர்த் தனியார் கல்லூரிகள் பெரும்பாலானவற்றில் தேர்தல் என்று ஒன்று கிடையாது. கல்லூரி திறந்த சில வாரங்களில் ஹெச்.ஓ.டி. அறைக்கு நாலைந்து பேரைக் கூப்பிடுவார்கள். நல்ல மதிப்பெண், மேடையில் சமாளிக்கிற அளவு ஆங்கிலம், 'பிரச்சினை பண்ணாத பையன்' என்ற பெயர், இவைதான் தகுதி. நீ செகரட்டரி, நீ ஜாயின்ட் செகரட்டரி, நீ ட்ரெஷரர். வகுப்புக்கு வந்து சொன்னதும் எல்லோரும் கைதட்டுவார்கள். அந்தச் செயலாளரை வகுப்பில் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை; அவரும் வகுப்புக்கு எந்த வாக்குறுதியும் தரவில்லை. பெண்ணாக இருந்தால் பெரும்பாலும் ஜாயின்ட் செகரட்டரி. விழா நாளில் வரவேற்பு மேஜையில் சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்போடு நிற்பதும் குத்துவிளக்குக்குத் திரி போடுவதும் அவர் பொறுப்பு.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1965இல் இந்தித் திணிப்புக்கு எதிராக மாணவர்கள் கிளம்பியபோது அவர்களை யாரும் அறைக்குக் கூப்பிட்டு நியமிக்கவில்லை. அந்த வருடம் ஜனவரி 27ஆம் தேதி அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன், 1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரை 1285 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். இன்னொருவரான கா. காளிமுத்து பின்னாளில் சட்டமன்ற சபாநாயகரானார். அந்தத் தலைமுறைக்கு லீடர்ஷிப் வொர்க்‌ஷாப் எடுத்தவர் யாருமில்லை. கூட வந்தவர்கள் எந்த நேரமும் விலகிப்போகலாம் என்ற நிலையில் அவர்களைக் கூட வைத்துக்கொள்ளத் தெரிந்ததே அவர்கள் பெற்ற பயிற்சி.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை. மாணவர் தேர்தல்களுக்குள் கட்சி வந்தது, காசு வந்தது, சாதிக் கணக்கு வந்தது, உருட்டுக்கட்டை வந்தது. நிர்வாகங்கள் பயந்ததற்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னையில் பஸ் ரூட் வாரியாக 'ரூட்டு தல' என்று ஒருவரை முன்னால் நிறுத்திக்கொண்டு கல்லூரி மாணவர்கள் மோதிக்கொள்வது எத்தனையோ முறை செய்தியாகியிருக்கிறது. அதுவும் ஒரு தலைமைதான். சொல்லப்போனால், பின்னால் நிற்க நிஜமாகவே ஆள் இருக்கிற தலைமை. ஹெச்.ஓ.டி. நியமித்த செயலாளருக்கு அது இருக்காது. கல்லூரி தருகிற தலைமைக்குப் பின்னால் ஆள் இல்லை, ஆள் இருக்கிற தலைமைக்குக் கேள்வி கேட்பார் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம் பிள்ளைகள் எதையோ கற்றுக்கொண்டு வெளியே வருகிறார்கள்.

*

நியமிக்கப்பட்ட செயலாளர் என்ன கற்கிறார் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்குக் கங்காணி ஞாபகம் வருகிறார். 19ஆம் நூற்றாண்டில் தமிழகக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டி இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போன அதே கங்காணி. அவர் அந்த ஆட்களின் ஊர்க்காரர், சில நேரம் சொந்தக்காரர். அவருக்குப் பேசத் தெரியும். சண்டை வந்தால் தீர்க்கத் தெரியும். யார் வீட்டில் காய்ச்சல், யாருக்குக் கல்யாணச் செலவு என்று தெரியும். துரையின் மொழியை இவர்களுக்கும் இவர்களின் முனகலைத் துரைக்கும் மொழிபெயர்க்கத் தெரியும். இன்று மேலாண்மைப் புத்தகங்கள் பட்டியலிடும் தலைமைத் திறன்களில் அவரிடம் இல்லாதது எதுவும் இல்லை.

ஆனால் அவருடைய அதிகாரம் துரையிடமிருந்து வந்தது. காலையில் பெரட்டுக் களத்தில் எத்தனை பேர் வந்து நின்றார்களோ அத்தனை தலைக்கும் இவ்வளவு என்று அவருக்குக் காசு. ஆட்களின் கடன் அவர் கையில் இருந்தது. அந்தக் கடனின் கணக்கு ஆட்களின் கண்ணுக்குத் தெரியாது. அவர் பதில் சொல்ல வேண்டியது மேலே மட்டும்தான்.

இப்போது ஒரு கருத்தரங்க நாளை நினைத்துப் பாருங்கள். "சீஃப் கெஸ்ட் வர்றார், ஹால் நிரம்பியிருக்கணும்" என்று மேலிருந்து செய்தி வருகிறது. செயலாளர் ஜூனியர் வகுப்புக்குப் போகிறார். "எல்லாரும் வாங்க, ஓ.டி. போட்டுத் தர்றோம். வராதவங்க பேரை சார் கேட்டிருக்கார்." எண்பது பேர் வந்து உட்காருகிறார்கள். தலைப்பு என்ன என்று வந்தவர்களுக்குத் தெரியாது, வந்தவர்களுக்கு என்ன தேவை என்று பேசுபவருக்குத் தெரியாது. பொன்னாடை, மொமென்டோ, குரூப் போட்டோ. சாயங்காலம் துறைத் தலைவர் செயலாளரின் தோளில் தட்டி, "குட் லீடர்ஷிப்" என்கிறார்.

ஒரு கல்லூரிப் பையனைக் கங்காணியோடு ஒப்பிடுவது அதிகம்தான். அங்கே பசியும் கடனும் சாவும் இருந்தன. இங்கே போவது ஒரு மதியப் பொழுது. ஆனாலும் கற்றுக்கொள்கிற பாடம் ஒன்றே: மேலே இருப்பவர் முகம் பார்த்து, கீழே இருப்பவரைத் திரட்டு. இருபது வயதில் இதைத் 'தலைமை' என்ற பெயரில் பழகியவர் முப்பது வயதில் அலுவலகத்தில் டீம் லீடாக வந்து என்ன செய்வார் என்று உங்களுக்கே தெரியும். சனிக்கிழமை வரச் சொல்லி வெள்ளி இரவு பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்புகிறவர் எங்கோ ஒரு செமினார் ஹாலில் ஆள் நிரப்பிப் பழகியவராக இருக்கலாம்.

*

இதற்கு மாறான ஒன்றை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் மூன்றாம் வருடத்தில் துறை மன்றத்தின் ட்ரெஷரராக ஒரு பெண் இருந்தாள். அவள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். அதிகம் பேசமாட்டாள். கணக்கு சுத்தமாக எழுதுவாள் என்பதால் அந்தப் பதவி வந்திருக்க வேண்டும். இரண்டாம், மூன்றாம், நான்காம் வருடம் சேர்த்து 180 பேர், ஆளுக்கு 300 ரூபாய், மொத்தம் 54,000. அதில் சிம்போசியம் நடந்து முடிந்தது. முடிந்த வாரத்தில், ஒரு வெள்ளைத் தாளில் 11,400 ரூபாய் என்று ஒரே தொகையாக எழுதி, அவளைக் கையெழுத்துப் போடச் சொன்னார் ஒருங்கிணைப்பாளராக இருந்த ஆசிரியர். சாப்பாடு, நினைவுப் பரிசு, இதர செலவு. நானும் இன்னும் இரண்டு பேரும் அங்கே மிச்சமிருந்த சர்டிபிகேட்களில் பெயர் எழுதிக்கொண்டிருந்தோம்.

"பில்லு இருக்கா சார்?"

"பில்லு அப்புறம் வரும்மா. கையெழுத்துதானே, போடு. ஃபைல் ஆபீஸுக்குப் போகணும்."

"வந்ததும் போட்டுடறேன் சார்."

"ஏம்மா, என்னை நம்பலையா?"

"உங்களை நம்புறேன் சார். காசு என்னுது இல்லையே. நூத்தியெண்பது பேருது. அவங்க கேட்டா நான் என்ன சொல்றது?"

அந்த நூற்றெண்பது பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதுதான் இதில் விசேஷம். வெளியே வந்ததும் செயலாளர் அவளிடம் அதையே சொன்னான். "உனக்கு ஏன் இந்த வேலை? யாரு கேட்கப்போறா?" அவள் சொன்ன பதில் எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. "கேட்கலைன்னா கணக்கு இல்லாமப் போயிடுமா?"

மறுநாள் மதிய இடைவேளையில் கரும்பலகையில் எழுதினாள். வசூல் 54,000. பில்லோடு செலவு 41,300. பில் வராதது 11,400. கையிருப்பு 1,300. யார் பெயரும் எழுதவில்லை, எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. எழுதிவிட்டுப் போய் டிபன் பாக்ஸைத் திறந்தாள். மூன்று நாளில் 7,900 ரூபாய்க்கு பில்கள் வந்து சேர்ந்தன. மீதி 3,500 கடைசிவரை வரவில்லை. நான்காம் வருடம் அவளுக்கு எந்தப் பதவியும் தரப்படவில்லை. அடுத்த ட்ரெஷரரும் பலகையில் கணக்கு எழுதினான், வழக்கம் என்று நினைத்துக்கொண்டு. சில வருடம் அப்படி நடந்து, பிறகு நின்றுபோனதாகக் கேள்வி.

அவள் கூட்டத்தைத் திரட்டவில்லை, மேடையில் பேசவில்லை. எந்த ரெஸ்யூமிலும் இதை ஒரு வரியாக எழுத முடியாது. ஆனால் அந்த நாலு வருடத்தில் நான் பார்த்த தலைமை என்று எதையாவது சொல்லச் சொன்னால் அந்தக் கரும்பலகையைத்தான் சொல்வேன். மற்றவர்கள் எல்லோரும் மேலே இருந்த ஒருவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில், கீழே உட்கார்ந்திருந்த, கேள்வியே கேட்காத நூற்றெண்பது பேருக்குத் தான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் என்று அவள் எடுத்துக்கொண்டாள். அவள் 'வளர்த்துக்கொண்ட' திறன் எதுவும் இதில் இல்லை. தன் கையில் இருப்பது அடுத்தவர் பொருள் என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

*

கணக்குக்கும் தலைமைக்கும் உள்ள இந்த உறவு நம் மண்ணில் மிகப் பழையது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன, கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்குக் குடவோலை முறையில் எப்படி ஆள் எடுப்பது என்று விரிவாகச் சொல்பவை. முப்பது குடும்புகளிலும் தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். பதவிக் காலம் 360 நாள், ஏறக்குறைய ஒரு கல்வியாண்டு. முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருடைய உறவினர்களுக்கும் இடமில்லை.

இதைப் பார்த்து 'அன்றே ஜனநாயகம்' என்று நெஞ்சு நிமிர்த்துகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அது பிராமணர் ஊரின் சபை. நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அந்த நிலத்தில் உழைத்தவர் பெயர் குடத்துக்குள் போகவே வாய்ப்பில்லை. பெண்களும் அப்படியே. ஆனால் அந்த வரம்புக்குள்ளும் அவர்களுக்கு ஒன்று தெரிந்திருந்தது. யார் திறமைசாலி என்று கண்டுபிடிப்பதில் அவர்கள் பெரிதாக மெனக்கெடவில்லை. தகுதியுள்ளவர்களுக்குள் அதைக் குடத்துக்கும் ஒரு சிறுவனின் கைக்கும் விட்டுவிட்டார்கள். அவர்கள் மெனக்கெட்டது, பதவிக்கு வந்தவர் கணக்குக் காட்டுவதிலும் நேரம் வந்தால் இறங்குவதிலும்தான்.

ஆயிரத்துச் சொச்சம் வருடம் கழித்து, 2006இல், முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான குழு மாணவர் தேர்தல்களுக்கு விதிமுறைகளைப் பரிந்துரைத்தது. அதைப் படிக்கும்போது உத்திரமேரூரின் எதிரொலி கேட்கும். ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக்கூடாது. முடிவு வந்த இரண்டு வாரத்துக்குள் தணிக்கை செய்த கணக்கைத் தர வேண்டும். நிர்வாகிப் பதவிக்கு ஒருமுறைதான் போட்டியிடலாம். குறைந்தது 75 சதவீத வருகைப்பதிவு வேண்டும், போட்டியிடும் ஆண்டில் அரியர் இருக்கக்கூடாது. உச்ச நீதிமன்றமும் அந்த ஆண்டே இதை நடைமுறைப்படுத்தச் சொன்னது. அந்தக் குழு விரும்பியது முறையான தேர்தலை. நம் கல்லூரிகள் பலவற்றில் வருகைப்பதிவும் அரியரும் பதவிக்கான தகுதியாக நிலைத்துவிட்டன. கணக்கையும் தேர்தலையும் காணோம்.

*

இந்த இடத்தில் ஒரு வாசகர் கேட்கலாம்: இவ்வளவு சிக்கல் இருந்தால் தலைமையே எதற்கு? எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால் என்ன? கவர்ச்சியான யோசனைதான். 2017 ஜனவரியில் மெரினாவில் அதன் அழகைப் பார்த்தோம். ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய கூட்டம் தனக்குத் தலைவர் இல்லை என்பதையே பெருமையாகச் சொன்னது. பையன்கள் போக்குவரத்தைச் சீர்செய்தார்கள், குப்பை பொறுக்கினார்கள், வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். ஆனால் அவசரச் சட்டம் வந்து, 23ஆம் தேதி காலை போலீஸ் வந்து கலையச் சொன்னபோது, அந்தக் கூட்டத்துக்காக 'சரி' என்றோ 'முடியாது' என்றோ சொல்லும் உரிமை பெற்றவர் யார் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. அன்றைய நாள் எப்படி முடிந்தது என்பது எல்லோருக்கும் தெரியும்.

அமெரிக்கப் பெண்ணியர் ஜோ ஃப்ரீமன் 1970களின் தொடக்கத்தில், தலைமையே வேண்டாம் என்று சொல்லி இயங்கிய பெண்கள் குழுக்களைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அமைப்பு இல்லாத குழு என்று ஒன்று கிடையாது. அமைப்பை எழுதி வைக்காவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாமல் நட்பு வட்டங்களின் வழியாக உருவாகும், பேர் இல்லாத தலைவரிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது என்பது அவர் வாதம். கல்லூரியில் இதைப் பார்க்காதவர் உண்டா? 'நாம எல்லாரும் ஃபிரெண்ட்ஸ்தானே, பதவியெல்லாம் எதுக்கு' என்று தொடங்கும் நாடகக் குழுவில், ஒரே ஹாஸ்டல் அறையில் இருக்கும் மூன்று பேர் இரவில் எடுக்கும் முடிவைக் காலையில் மற்றவர்கள் தெரிந்துகொள்வார்கள். தினமும் பஸ்ஸில் ஊருக்குப் போகிற டே ஸ்காலருக்கு அந்த அறைக்குள் இடமே கிடையாது. ஆகவே பதவி வேண்டும். அதற்குப் பெயரும் வேண்டும், முகமும் வேண்டும். நேரே போய்க் கேட்பதற்கு ஒரு ஆள் இருந்தாக வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. 'ஆங்கில மீடியத்தில் படித்து, வீட்டிலேயே மேடைப் பேச்சைப் பழகியவர்களுக்கு இந்தத் தத்துவமெல்லாம் சரி. கிராமத்திலிருந்து வந்த பிள்ளைக்கு மைக்கைப் பிடிப்பதே பெரிய விஷயம். அந்த ஒரு வரி ரெஸ்யூமில் இருந்தால்தான் வேலை. அதையும் பிடுங்கப் பார்க்கிறாயா?' இல்லை. மைக்கின் முன்னால் கால் நடுங்காமல் நிற்பது, முதல்வருக்கு விண்ணப்பம் எழுதுவது, பந்தல்காரரிடமும் ஃப்ளெக்ஸ் கடைக்காரரிடமும் பேரம் பேசுவது, ஸ்பான்சர் கேட்டுப் போன கடையில் 'அப்புறம் வா தம்பி' என்று பத்துத் தடவை கேட்டும் பதினோராவது கடைக்குப் போவது, இவை எல்லாம் விலைமதிப்பில்லாத திறன்கள். தலைமுறை தலைமுறையாகக் கை கட்டி நின்ற வீட்டிலிருந்து ஒருவர் வந்து மைக்கைப் பிடிக்கும்போது நடப்பது வெறும் திறன் பயிற்சி இல்லை. இந்தத் திறன்கள் எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதால்தான் ஒரே செயலாளர் வருடம் முழுக்க எல்லா மேடையிலும் நிற்கக்கூடாது என்கிறேன். ஆளை மாற்றி மாற்றி நிறுத்தலாம். வேண்டுமானால் குடத்தில் சீட்டுப் போட்டும் எடுக்கலாம். ஆனால் திறன் வேறு, தலைமை வேறு. திறன் கங்காணியிடமும் இருந்தது.

என்.எஸ்.எஸ். 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டித் தொடங்கப்பட்டது. 'நானல்ல, நீ' என்பது அதன் முழக்கம். வருடத்துக்கு 120 மணி நேரச் சேவை, ஒரு கிராமத்தில் ஏழு நாள் முகாம். நான் போன முகாமில் குழுத் தலைவர் பட்டம் யாருக்கு என்று முதல் நாள் பெரிய போட்டி. மூன்றாம் நாளுக்குள் அந்தப் பட்டத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது. காலை ஐந்து மணிக்கு எழுந்து அடுப்பு பற்றவைக்கிறவர், முள் குத்தியவனுக்கு ஊக்கு தேடி எடுத்து வருகிறவர், 'இந்த வாய்க்காலை இப்படி வெட்டினா மழையில எங்க வீட்டுக்குள்ள தண்ணி வரும்' என்று ஊர்ப் பாட்டி சொன்னதை நின்று கேட்டவர், இவர்கள் பக்கம்தான் எல்லோரும் தானாகத் திரும்பினார்கள். ஏழு நாள் சேர்ந்து சாப்பிட்டுச் சேர்ந்து படுத்தால் யார் யாரென்று தெரிந்துவிடுகிறது. பட்டம் கொடுப்பது ஆசிரியர் கையில் இருந்தது; திரும்பிப் பார்ப்பது எங்கள் கையில் இருந்தது.

*

அப்படியென்றால் மறுக்க முடிவதுதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று படுகிறது. என் பேச்சைக் கேட்கிறவருக்கு, கேட்காமல் இருக்கும் உரிமை இருந்தால்தான் அவர் கேட்பதற்கு அர்த்தம் உண்டு. ஓ.டி.க்காகவும் இன்டர்னல் மார்க்குக்காகவும் வந்து உட்கார்ந்தவர்களை நான் வழிநடத்தியதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. தன்னைக் கண்டித்துச் சொல்லக்கூடியவர்களைத் துணையாக வைத்துக்கொள்வதை வள்ளுவர் அரசனுக்கே கட்டாயமாக்கினார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், அரசியலில் தனிமனித பக்தி சர்வாதிகாரத்தில் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்தார். இருவரும் பார்த்தது ஒரே ஆபத்தை: எதிர்த்துப் பேச ஆளில்லாத இடத்தில் நல்லவரும் கெட்டுப்போவார்.

முதலில் கேட்ட கேள்விக்கு எனக்குத் தோன்றும் பதில் இது. மனிதர்களை வைத்துத்தான் தலைமையைப் பழக முடியும், வேறு வழியில்லை. ஆனால் அந்த மனிதர்களுக்கு என்னைக் கேள்வி கேட்கவும், மறுக்கவும், இறக்கவும் வழி இருந்தால் அவர்கள் என் பயிற்சிப் பொருளாக இருக்க மாட்டார்கள். எனக்குக் கற்றுக்கொடுப்பவர்களாக இருப்பார்கள். அந்த வழி இல்லாத இடத்தில் நான் எவ்வளவு நன்றாக விழா நடத்தினாலும், அவர்கள் தலையில் பழகிய அரை வைத்தியன்தான்.

இன்று ஏதோ ஒரு மன்றத்தில் பதவியில் இருக்கும் தம்பிகளும் தங்கைகளும் இதைப் படித்தால், யாருடைய அனுமதியும் இல்லாமல் நீங்கள் செய்யக்கூடிய காரியங்கள் சில இருக்கின்றன. கணக்கை எழுதி எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள், யாரும் கேட்காவிட்டாலும். ஜூனியர்களைக் கூப்பிடும்போது, வராவிட்டால் ஒன்றும் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போது எத்தனை பேர் வருகிறார்கள் என்பதுதான் உங்கள் நிஜமான மதிப்பெண். அது பதினேழாக இருந்தால் பதினேழு.

கல்லூரி மன்றத்துக்கு வெளியுலகத்தில் இல்லாத ஒரு வசதியும் உண்டு. அங்கே பதவி தானாக முடிகிறது. மார்ச் மாதம் வரும், ஃபேர்வெல் வரும், போயே ஆக வேண்டும். ஆனால் போன பிறகும் வாட்ஸப் குரூப்பில் அட்மினாக உட்கார்ந்துகொண்டு, மன்றத்தின் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டைக் கையில் வைத்துக்கொண்டு, புது நிர்வாகிகள் போடும் ஒவ்வொரு போஸ்டருக்கும் கருத்துச் சொல்லும் சீனியர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இறங்கத் தெரியாமை அங்கேயே தொடங்கிவிடுகிறது. பாஸ்வேர்டைக் கொடுங்கள். அட்மினை மாற்றிவிட்டு குரூப்பிலிருந்து வெளியேறுங்கள். ஒரு நோட்டில் எழுதிக் கொடுங்கள்: எந்தப் பந்தல்காரர் சொன்ன நேரத்துக்கு வருவார், எந்தக் கடையில் பில் கேட்டால் தருவார்கள், எந்த நிகழ்ச்சிக்கு ஆள் வரவில்லை, ஏன் வரவில்லை, ட்ரெஷரரோடு எந்தச் செலவில் சண்டை வந்தது, அதில் யார் சொன்னது சரியாக இருந்தது. அந்த நோட்டில் உங்கள் பெயரை எழுத வேண்டிய அவசியம்கூட இல்லை. அடுத்து வருகிறவருக்குத் தேவை பந்தல்காரரின் போன் நம்பர்தான்.